க்ரஞ்ச்பேங் நின்றது, பன்சன்லேப்ஸ் பிறந்தது: ஒரு சிறு டிஸ்ட்ரோவைக் கட்டுவதும் பெயர் வைப்பதும்

கேள்வி: கல்லூரி நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து, எங்கள் ஊர் நூலகத்தில் கிடக்கும் பழைய கணினிகளுக்காக டெபியன் லினக்ஸ் அடிப்படையில் ஒரு எடை குறைந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ (தேவையான நிரல்களோடு சேர்த்துக் கட்டிய இயங்குதளத் தொகுப்பு) செய்ய நினைக்கிறோம். டெஸ்க்டாப்புக்கு ஓப்பன்பாக்ஸ் என்ற சிறிய சாளர நிர்வாக நிரல் என்று முடிவு செய்துவிட்டோம். எங்கிருந்து தொடங்குவது? பெயரில்தான் இரண்டு வாரமாக இழுபறி. ‘#!’ மாதிரி மனதில் நிற்கிற பெயராக வேண்டும் என்கிறான் ஒருவன், தமிழ்ப் பெயராக வேண்டும் என்கிறான் இன்னொருவன்.

பதில்:

தம்பி, நீங்களே ‘#!’ஐ இழுத்துவிட்டதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் அதன் கதையிலேயே பதில் இருக்கிறது.

க்ரஞ்ச்பேங் லினக்ஸை 2008இல் தொடங்கியவர் பிலிப் நியூபரோ என்ற பிரிட்டிஷ்காரர். ஷெல் ஸ்கிரிப்டின் முதல் வரி தொடங்கும் அந்த இரண்டு குறிகள்தாம் பெயர். ‘#’க்கு ஆங்கிலத்தில் இருக்கும் பல பெயர்களில் ‘க்ரஞ்ச்’ ஒன்று, ‘!’ என்றால் ‘பேங்’. முதலில் உபுண்டு மேல் கட்டினார். 2010இல் டெபியனுக்கு மாறினார். அந்த வெளியீட்டின் பெயர் ஸ்டாட்லர். 2013இல் டெபியனின் ‘வீசி’ வெளியீட்டின் மேல் வால்டார்ஃப் வந்தது. இரண்டுமே மப்பெட்ஸ் பொம்மை நிகழ்ச்சியில் மாடத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறை சொல்லிக்கொண்டே இருக்கும் இரண்டு கிழவர்களின் பெயர்கள்.

ஒரு ஜிபி ரேம் கொண்ட நெட்புக்கில் வால்டார்ஃபை நான் வைத்திருந்தேன். கறுப்பும் சாம்பலுமான திரை, ஐகான் ஒன்றுகூட இல்லை, வலப்பக்கம் கான்கி என்ற சிறு நிரல் குறுக்குவிசைகளைப் பட்டியல் போட்டுக் காட்டும். மெனு எங்கே என்று தேடத் தேவையில்லை, திரையில் எங்கே வலது கிளிக் செய்தாலும் வரும். அதைப் பயன்படுத்தியவர்கள் இன்றும் அதைப் பாசத்தோடு பேசுவதற்கு வேகம் மட்டும் காரணமில்லை. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று ஒரு மனிதர் யோசித்து வைத்த ஒழுங்கு அதில் தெரிந்தது.

2015 பிப்ரவரியில் நியூபரோ நிறுத்திவிட்டார். தொடங்கியபோது இப்படிப்பட்ட எளிய டெஸ்க்டாப்புக்குத் தேவை இருந்தது, இப்போது நேரடியாக டெபியனையே போட்டுக்கொள்வது பயனாளர்களுக்கு நல்லது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தான் செய்வது இனியும் தேவைதானா என்று நேர்மையாகக் கேட்டுப் பார்த்து, பதிலை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போவதும் பராமரிப்பாளரின் கடமைதான். சொல்லாமல் கைவிட்டுப் போகும் டிஸ்ட்ரோக்களின் பயனாளர்கள் பாதுகாப்பு இற்றை (அப்டேட்) வராமலே மாதக்கணக்கில் கணினியை ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து இரண்டு கிளைகள் முளைத்தன. ஒருவர் பழைய பெயரையே வைத்துக்கொண்டு க்ரஞ்ச்பேங்++ என்று தொடர்ந்தார். பயனாளர்களில் ஒரு குழு கூடி, புதுப் பெயரில் பன்சன்லேப்ஸை உருவாக்கியது. அதன் முதல் வெளியீடான ஹைட்ரஜன், டெபியனின் ‘ஜெஸ்ஸி’ வெளியீட்டின் மேல் 2016இல் வந்தது. ஒரு தனிமனிதரின் கைவேலையாக இருந்ததைப் பலர் சேர்ந்து பராமரிக்கும் பொருளாக மாற்றினார்கள் என்பதால், நீங்கள் பாடம் படிக்க வேண்டியது இவர்களிடம்தான்.

கட்டும் வேலையை முதலில் பார்ப்போம். டிஸ்ட்ரோ என்றதும் எல்லாருக்கும் நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்புதான் நினைவுக்கு வருகிறது. ஐஎஸ்ஓ கடைசியில் வர வேண்டியது. பன்சன்லேப்ஸ் குழு டெபியனின் ரெப்போவை, அதாவது நிரல்கள் இருக்கும் கிடங்கை, தொடவே இல்லை. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), உலாவி, நிரல் நூலகங்கள் எல்லாம் நேராக டெபியனிலிருந்தே வருகின்றன; பாதுகாப்பு இற்றைகளும் அப்படியே. அதற்கு மேல் தங்களுடைய சிறிய ரெப்போ ஒன்று: அமைப்புக் கோப்புகளுக்கு ஒரு பேக்கேஜ் (நிறுவக்கூடிய பொட்டலம்), சின்னச் சின்னக் கருவிகளுக்கு ஒன்று, தீம்களுக்குச் சில, முதல்முறை உள்ளே வருபவரை வரவேற்கும் நிரலுக்கு ஒன்று, ரெப்போவிலிருந்து வருபவை உண்மையானவைதாம் என்று உறுதிப்படுத்தும் கையொப்பச் சாவிக்கு ஒன்று. இப்படி மெல்லிய தோல் மட்டும் போர்த்தியதால்தான் சம்பளம் வாங்காத சில பேரால் அதை இத்தனை ஆண்டு ஓட்ட முடிந்தது. வெறும் டெபியனை நிறுவிவிட்டு அதன் மேல் ஓட்டினால் முழு டெஸ்க்டாப்பும் வந்து உட்காரும் ஸ்கிரிப்ட் ஒன்றையும் அவர்கள் ஹைட்ரஜன் காலத்திலேயே கொடுத்தார்கள். உங்கள் முதல் வெளியீடு அப்படிப்பட்ட ஸ்கிரிப்டாகவே இருக்கட்டும். ஐஎஸ்ஓ கட்ட டெபியனின் லைவ்-பில்ட் கருவி இருக்கிறது. பேக்கேஜ்கள் சரியாக இருந்தால் அது சில நாள் வேலை. பேக்கேஜ்கள் தப்பாக இருந்தால் அந்தத் தப்பையெல்லாம் ஐஎஸ்ஓவுக்குள் உறைய வைத்ததுதான் மிச்சம்.

புதிதாகச் செய்பவர்கள் எல்லாரும் இடறுகிற இடம் ஒன்று உண்டு. அழகான மெனுவும் குறுக்குவிசைகளும் எழுதி, அவற்றை எட்ஸி கோப்புறைக்குள் இருக்கும் ஸ்கெல் கோப்புறையில் போட்டுவிடுவீர்கள். புதுப் பயனர் கணக்கு உருவாகும்போது அதிலிருக்கும் கோப்புகள் அவருடைய வீட்டுக் கோப்புறைக்கு நகலாகும். அந்த ஒருமுறையோடு சரி. ஆறு மாதம் கழித்து மெனுவில் ஒரு பிழையைத் திருத்தி பேக்கேஜை இற்றைப்படுத்தினால், ஸ்கெல்லில் இருப்பது மாறும். ஏற்கெனவே பயன்படுத்துபவரின் வீட்டில் இருக்கும் நகல் அப்படியே கிடக்கும். ‘திருத்திவிட்டோம்’ என்று நீங்கள் சொல்வீர்கள், ‘எனக்கு வரவில்லையே’ என்று அவர் சொல்வார். இரண்டும் உண்மை. சரி, வீட்டுக் கோப்புகளின் மேல் எழுதிவிடலாம் என்றால், அவர் கைப்பட மாற்றி வைத்ததெல்லாம் அழியும். அதைவிடப் பெரிய குற்றம் வேறில்லை.

பன்சன்லேப்ஸ் இதற்குத் தனியாக ஒரு நிரலே வைத்திருக்கிறது. முதல்முறை உள்நுழையும்போது கோப்புகளை நகலெடுப்பது அதன் வேலை. பயனர் விரும்பினால் பிறகும் அவரே ஓட்டலாம். நான் கூடுதலாகச் சொல்வது இது: மாறக்கூடியதை எல்லாம் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மெனுவின் பொதுவான பகுதியைக் கணினிப் பகுதியிலேயே வைத்து, வீட்டுக் கோப்பிலிருந்து அதை அழைக்கும்படி மட்டும் எழுதுங்கள். அப்போது திருத்தம் எல்லாருக்கும் போய்ச் சேரும், அவரவர் மாற்றமும் பத்திரமாக இருக்கும். இன்னொன்று, வேறு பேக்கேஜுக்குச் சொந்தமான கோப்பின் மேல் உங்கள் பேக்கேஜ் கை வைக்கக் கூடாது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் டெபியனில் அதற்கென்றே டைவெர்ட் வசதி இருக்கிறது.

‘எடை குறைவு’ என்ற சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். ஓப்பன்பாக்ஸும் டின்ட்2 என்ற பணிப்பட்டையும் மிகக் குறைந்த நினைவகத்தில் ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நூலகத்துக்கு வருகிற பிள்ளை உலாவியைத் திறந்து நாலு தாவல் போட்ட கணமே நீங்கள் மிச்சம் பிடித்ததெல்லாம் கரைந்துவிடும். நூறு எம்பி குறைக்க மூன்று வாரம் செலவழிப்பதைவிட, நினைவகத்தில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் ஸீரேம் வசதியை இயல்பாகவே இயக்கி வைப்பதும், சுழலும் வட்டைக் கழற்றி ஒரு எஸ்எஸ்டி போடச் சொல்வதும் பத்து மடங்கு பயன் தரும்.

பழைய கணினி என்றால் எவ்வளவு பழையது என்றும் பாருங்கள். பன்சன்லேப்ஸ் ஒருகாலத்தில் 32 பிட் கணினிகளுக்கென்று சிடியில் அடங்கும் ஐஎஸ்ஓகூடக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இலோ 32 பிட் பிசிக்களுக்குக் கர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. மேலே உங்கள் தோல் எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும், அடியில் டெபியன் எடுக்கும் முடிவு உங்கள் முடிவாகவும் ஆகிவிடும். நூலகத்துக் கணினிகள் 64 பிட் தானா என்று இந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஓப்பன்பாக்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் கடைசி அதிகாரபூர்வ வெளியீடான 3.6.1 வந்தது 2015இல். அது எக்ஸ்11 என்ற பழைய திரை அமைப்பில் மட்டும் ஓடும். டெஸ்க்டாப் உலகமோ அதன் இடத்தைப் பிடிக்கும் வேலேண்டை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. ஓப்பன்பாக்ஸின் தீம்களையும் அமைப்பு முறையையும் ஒட்டியே வேலேண்டுக்காக எழுதப்பட்ட லேப்டபிள்யூசி இருக்கிறது; ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் ஓஎஸ் 2024இல் அதற்கு மாறிவிட்டது. இன்றைக்கு ஓப்பன்பாக்ஸில் தொடங்குவது தவறில்லை. ஆனால் ‘ஓப்பன்’, ‘பாக்ஸ்’ என்ற சொற்களை டிஸ்ட்ரோவின் பெயரில் சேர்க்காதீர்கள். நாளை மாறும்போது பெயர் பொய்யாகிவிடும்.

உங்கள் டிஸ்ட்ரோ மற்றவற்றிலிருந்து உண்மையிலேயே வேறுபட வாய்ப்புள்ள இடம் தமிழ்தான். நோம், கேடிஇ மாதிரிப் பெரிய டெஸ்க்டாப்புகளில் உள்ளீட்டு முறை அவற்றோடு சேர்ந்தே எழும். ஓப்பன்பாக்ஸில் அப்படி எதுவும் தானாக எழாது. ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலை நிறுவி, பல மொழி விசைப்பலகைகளைத் தரும் அதன் எம்17என் பொதியையும் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையை இயல்பாகத் தேர்ந்து வைத்து, உள்நுழைந்த உடனே ஓடும்படி ஆட்டோஸ்டார்ட்டில் எழுதி, சூழல் மாறிகளையும் அமைத்து வைத்தால்தான் நூலகத்தில் ஒருவர் உட்கார்ந்ததும் தமிழில் தட்டச்சு செய்ய முடியும். இதை ஒரே பேக்கேஜில் சரியாகச் செய்து கொடுத்தாலே உங்கள் உழைப்புக்குப் பொருள் உண்டு. கான்கியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். க்ரஞ்ச்பேங் பாணியில் குறுக்குவிசைகளைத் தமிழில் காட்ட ஆசைப்படுவீர்கள். கான்கி எழுத்துகளை வரையும் முறையில் தமிழின் கூட்டெழுத்து ஒழுங்கு கிடையாது. ‘கொ’வில் கொம்பு முன்னால் வராமல் உடைந்து நிற்கும். ஓப்பன்பாக்ஸின் தலைப்புப் பட்டையும் டின்ட்2வும் எழுத்துகளைச் சரியாக வரையும் பாங்கோ நிரல் நூலகத்தைப் பயன்படுத்துவதால் அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. குறுக்குவிசைப் பட்டியலை சுவர்ப்படத்திலேயே வரைந்து வைத்துவிடுவது எளிய வழி.

இனி பெயர்.

பெயர் என்பதை முகப்புப் படத்தில் எழுதும் சொல்லாக மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அதனால்தான் இரண்டு வாரம் போயிருக்கிறது. அது பேக்கேஜ்களின் முன்னொட்டாகிறது, ஒவ்வொரு கருவியின் பெயரிலும் ஒட்டிக்கொள்கிறது, ஓஎஸ்-ரிலீஸ் கோப்பில் அடையாளமாகிறது, ரெப்போவின் முகவரியாகிறது, பயனாளர் ஒவ்வொருவரின் வீட்டுக் கோப்புகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. டெபியனில் பேக்கேஜ் பெயருக்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகள், எண்கள், கூட்டல், கழித்தல், புள்ளி இவை மட்டுமே ஆகும். அதனால் ‘#!’ என்ற அந்த அழகான பெயரால் ஒரு பேக்கேஜுக்குக்கூடப் பெயராக முடியவில்லை. இணைய முகவரியில் ‘#’க்கு வேறு பொருள். தேடுபொறியில் வெறும் குறிகளைத் தட்டினால் உருப்படியாக ஒன்றும் கிடைக்காது. க்ரஞ்ச்பேங் என்று எழுத்தில் ஒரு பெயரும், தன் கருவிகளுக்கு ‘சிபி-’ என்ற முன்னொட்டும் அதற்குத் தேவைப்பட்டன. மனதில் நிற்கிற பெயர் வேண்டும் என்ற நண்பரிடம் இதைக் காட்டுங்கள்: மனதில் நின்றது குறிதான், வேலை செய்தது எழுத்து.

‘சிபி-எக்ஸிட்’ போன்ற கருவிகள் பன்சன்லேப்ஸில் ‘பிஎல்-எக்ஸிட்’ ஆயின. கேட்க எளிது. மெனுவில், குறுக்குவிசையில், ஆட்டோஸ்டார்ட்டில் பழைய பெயரைப் போட்டு வைத்திருந்தவர் ஒவ்வொருவரும் அங்கங்கே போய் மாற்றியாக வேண்டும். ஆகவே முன்னொட்டை மட்டும் முதலிலேயே யோசித்து வையுங்கள். முழுப் பெயர் பின்னால் வரலாம்.

பன்சன்லேப்ஸ் என்ற பெயரை நான் நல்ல பெயராக மதிப்பதற்குக் காரணம், அது பழசை மதித்தும் பழசின் நிழலில் நிற்காமலும் இருப்பது. மப்பெட்ஸில் ஆய்வகம் நடத்தும் பொம்மை விஞ்ஞானியின் பெயர் பன்சன். ஸ்டாட்லர், வால்டார்ஃப் வரிசையை அறிந்தவருக்கு உறவு புரியும். அறியாதவருக்குப் பள்ளி ஆய்வகத்துப் பன்சன் சுடரடுப்பு நினைவுக்கு வரும். சின்னமும் சுடர்தான். தேடினால் வேறெதோடும் குழம்பாது. ‘லேப்ஸ்’ என்பதில் பலர் கூடி வேலை செய்யும் இடம் என்ற பொருளும் வந்துவிடுகிறது.

அதைவிட நான் ரசிப்பது வெளியீட்டுப் பெயர்கள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம், போரான் என்று தனிம வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். போரான் 2024இல் வந்தது, ஐந்தாவது வெளியீடு. அதன் அணு எண்ணும் ஐந்து. பெயரே எண்ணைச் சொல்கிறது. ‘டாய் ஸ்டோரி’ படத்திலிருந்து டெபியன் தன் வெளியீடுகளுக்கு எடுத்து வைக்கும் பொம்மைப் பெயர்கள் இனிமையானவைதான், ஆனால் பஸ்டர் முந்தியதா புல்ஸ்ஐ முந்தியதா என்று புதியவர் கேட்டுக்கொண்டே இருப்பார். தனிம வரிசையில் அந்தக் கேள்வி எழாது. ஒவ்வொரு முறையும் பெயருக்காகக் கூடி வாதாட வேண்டியதும் இல்லை. உண்மையான ராபர்ட் பன்சன் என்ற வேதியியலாளர், இயற்பியலாளர் கிர்ச்சாஃபோடு சேர்ந்து 1860இல் சீசியத்தையும் அடுத்த ஆண்டு ரூபிடியத்தையும் கண்டறிந்தவர் என்பதால் தனிமங்கள் அந்தப் பெயருக்கு இன்னும் பொருந்திப் போகின்றன.

தமிழ்ப் பெயர் வேண்டும் என்கிறவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, நான் அவர் கட்சிதான். ஆனால் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது பிளக்காத சொல்லாகப் பாருங்கள். ழகரம் வந்தால் ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். நெடில் வந்தால் ஒருவர் ஒரு ஏ, இன்னொருவர் இரண்டு ஏ. ‘யாழ்’ எவ்வளவு அருமையான பெயர்! கட்டளை வரியில் அதை ஆறு விதமாகத் தட்டிப் பார்ப்பார்கள். ‘குருவி’ மாதிரி ஒரே எழுத்துக்கூட்டலில் எல்லாரும் எழுதும் சொல் பாதுகாப்பானது. ஏற்கெனவே யாராவது வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். உதாரணமாக, ‘எழில்’ என்று ஒரு தமிழ் நிரலாக்க மொழி இருக்கிறது.

வணிகக்குறி விஷயத்தில் ‘நாம் சின்னப் பசங்கள்தானே’ என்று இருக்காதீர்கள். லின்டோஸ் என்ற டிஸ்ட்ரோவின் பெயர் விண்டோஸை ஒத்திருக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் 2001இல் வழக்குப் போட்டது. 2004இல் மைக்ரோசாஃப்டே 2 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது, லின்டோஸ் தன் பெயரை லின்ஸ்பையர் என்று மாற்றிக்கொண்டது. அவர்களிடம் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். எவால்வ் ஓஎஸ் என்ற சிறு டிஸ்ட்ரோவோ பெயர்ச் சிக்கலால் 2015இல் சோலஸ் ஆனது. இன்று எல்லாருக்கும் அந்தப் பெயர்தான் தெரியும். டெபியனுக்கும் உபுண்டுவுக்கும் தனித்தனி வணிகக்குறிக் கொள்கைகள் இருக்கின்றன. ‘டெபியனை அடிப்படையாகக் கொண்டது’ என்று சொல்வது வேறு, உங்கள் பெயருக்குள்ளேயே அதைச் சேர்த்துக்கொள்வது வேறு. ‘லினக்ஸ்’ என்ற சொல்லும் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் பதிவு பெற்ற வணிகக்குறி. பெயரின் பகுதியாக அதைச் சேர்ப்பதானால் உரிமம் இலவசமாகவே கிடைக்கிறது, வாங்கிவிடுங்கள்.

கடைசியாக, நான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி: டொமைன் யார் பெயரில் இருக்கும்? ரெப்போவின் கையொப்பச் சாவி யாரிடம் இருக்கும்? எனக்குத் தெரிந்த ஒரு சின்னக் குழுவில் சாவி வைத்திருந்தவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார்; சாவியின் காலக்கெடு முடிந்த நாளில் எல்லாருடைய கணினியிலும் அந்த ரெப்போவின் இற்றை நின்றுபோனது. அவர் கெட்டவர் இல்லை, அவருக்கு வாழ்க்கை வேறு பக்கம் போய்விட்டது. உங்கள் நால்வருக்கும் இன்னும் மூன்று ஆண்டில் அப்படித்தான் ஆகும். டெபியனின் ஒரு வெளியீட்டுக்கு முழு ஆதரவு ஏறக்குறைய மூன்று ஆண்டு, நீண்டகால ஆதரவு இன்னும் இரண்டு. அந்த ஐந்து ஆண்டில் குறைந்தது இருவரிடமாவது சாவியும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும், டொமைன் யாருடைய சொந்த மின்னஞ்சலிலும் மாட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நிறுத்துவதானால் எத்தனை மாதம் முன்பே சொல்வோம், பயனாளரை வெறும் டெபியனுக்கு எப்படி மாற்றிவிடுவோம் என்று ஒரு பக்கம் எழுதி, ரெப்போவிலேயே போட்டு வையுங்கள். தோல் மெல்லியதாக இருந்தால் அந்த மாற்றம் எளிது: உங்கள் பேக்கேஜ்களை நீக்கினால் அடியில் நல்ல டெபியன் ஓடிக்கொண்டிருக்கும்.

இப்போதைக்கு இரண்டு எழுத்தில் ஒரு முன்னொட்டை மட்டும் இன்றே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த முன்னொட்டில் அமைப்புக் கோப்புகளின் பேக்கேஜையும் தமிழ் உள்ளீட்டுப் பேக்கேஜையும் கட்டி, நூலகத்தின் ஒரே ஒரு கணினியில் போட்டு, ஒரு மாதம் ஓட விடுங்கள். டிஸ்ட்ரோவுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தினமும் அங்கே உட்காருகிற நூலகரிடமும் கேளுங்கள். பேக்கேஜ் கட்டும்போது டைவெர்ட்டிலோ ஸ்கெல்லிலோ மாட்டிக்கொண்டால், பிழைச் செய்தியை அப்படியே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.